தீர்ந்த மின்கலம்

இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவர் ஒருவரின் கையிலுள்ள டார்ச் விளக்கு, வரவர மங்கி இறுதியில் அணைந்துவிடுகிறது. மறுநாட் காலையில் அவர் பழைய மின்கலங்களை எடுத்தெறிந்துவிட்டுப் புதியவற்றை இடுகிறார். பழையவை குப்பைமேட்டைச் சேர்கின்றன. 'தீர்ந்துவிட்டது' என்னும் ஒரு சொல்லோடு அவற்றின் வரலாறும் முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்குத் தீர்ந்தது யாது?

1866-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜார்ஜ் லெக்லாஞ்சே அமைத்த மின்கலமே டார்ச் மின்கலத்தின் மூதாதை எனலாம். டார்ச் மின்கலத்தின் கூடு துத்தநாகத்தால் ஆயது. நடுவே ஒரு கரித்தண்டு நிற்கும். அதனைச் சூழ மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்து செறிக்கப்பட்டிருக்கும். கூட்டுக்கும் அக்கலவைக்கும் இடையே நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ சேர்ந்த ஈரப்பசை இருக்கும். மின்சாரம் பாயப் பாயத் துத்தநாகம் சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. மாங்கனீசுச் சேர்மம் வேறு உருக்கொள்கிறது. கரித்தண்டோ மின்சாரம் செல்லும் வழியாக நிற்பதேயன்றித் தான் மாறுவதில்லை. ஆகவே, தீர்ந்தது ஆற்றலேயன்றிப் பொருள் அன்று.

இவ்வுண்மையை உணர்ந்த அறிவியலார், பழைய கலங்களின் கருந்தூளைக் கழுவி, அமிலத்திற் கரைத்து, அதிலுள்ள மாங்கனீசை மீண்டும் தூய டை ஆக்சைடாகப் படியச் செய்கின்றனர். அதனைக் கரித்தூளோடும் ஒட்டும் பொருளோடும் குழைத்து, மெல்லிய உலோகத் தகட்டின்மேற் பூசினால் புதிய மின்வாய் ஒன்று உருவாகிறது. மின்னை விரைந்து ஏற்று விரைந்து வழங்கும் மீமின்தேக்கிகளில் இத்தகைய மின்வாய்கள் பயன்படும். நேற்றைய கழிவு இவ்வாறு நாளைய ஆற்றலுக்குக் கொள்கலம் ஆகிறது.

பழைய மின்வாயிலிருந்து புதிய மின்வாய் செய்தல் முற்றிலும் புதுமையன்று. 1859-இல் காஸ்டன் பிளான்டே என்பவர் காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை அமைத்தார். ஊர்திகளில் அவ்வகைக் கலங்கள் இன்றும் பயன்படுகின்றன. அவை பழுதானபின் அவற்றின் காரீயம் உருக்கப்பட்டு மீண்டும் புதிய கலங்களின் தகடுகளாகிறது.

ஆயினும், இப்பணியை முறையறியாது செய்வோர்க்கு நேரும் கேடு பெரிது. ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை அடுத்த தியாரோய் என்னும் ஊரில், மக்கள் பழைய கலங்களைத் திறந்த வெளியில் உடைத்துக் காரீயம் எடுத்துவந்தனர். காரீயம் கலந்த மண்ணைச் சலித்துப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையுள்ள சில திங்களில் அங்கு 18 குழந்தைகள் மாண்டனர். காரீய நஞ்சே அதற்குக் காரணம் எனப் பின்னர்க் கருதப்பட்டது. வயிற்றுப்பாட்டிற்காகப் பெற்றோர் தேடிய பொருளே மக்களின் உயிரைக் கவர்ந்தது.

எனவே, பொருளை மீட்பது எத்துணை இன்றியமையாததோ, அதனைத் தக்க ஆலையில் தக்கவர் கையால் மீட்பதும் அத்துணை இன்றியமையாதது. இந்தியாவில் 2022-இல் வகுக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றை விற்பனைக்குக் கொணரும் உற்பத்தியாளர்மேற் சுமத்துகின்றன. ஆனால், குப்பைமேட்டிற் புதைந்துவிட்ட கலத்தை எந்த ஆலையும் மீட்க இயலாது. அதனை உடைக்காமலும் எரிக்காமலும் தனியே எடுத்துவைத்து, உரிய இடத்திற் சேர்ப்பிக்கும் கடமை, அதன் ஒளியில் வழி நடந்தவர்க்கே உரியது.