தெப்பத்தின் மேற்கட்டி

தை பிறந்துவிட்டால் ஹெப்பகோடியில் குடியேறியுள்ள நம்மவர் பலர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெப்பத் திருவிழாவுக்கு ஊர் செல்வது வழக்கம். திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த மதுரைத் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் பவனி வரும் காட்சியை அறியாதவர் யார்? அலங்காரத்தைக் காண்போர் பலர். அது எதன்மேல் நிற்கிறது என்று நோக்குவோர் சிலரே.

நமது மாமனார் ஊர்க் கோயிற்குளத்தில் முதிய தச்சர் ஒருவர் ஆண்டுதோறும் தெப்பம் கட்டுகிறார். காலிப் பீப்பாய்களின்மேல் சட்டமடித்துப் பலகை பரப்பியதே தெப்பம். 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்று, தன் எடை போக, ஏறக்குறைய 180 கிலோ பாரம் தாங்கும். ஆகவே பாரத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, காற்றுக்கே அஞ்சுகிறார். "கரையிலே பந்தல்காலைப் பூமி பிடிச்சுக்கும், தண்ணியிலே எது பிடிக்கும், மாப்பிள்ளை?" என்பார்.

மேற்கட்டியின் கால்களைப் பலகையில் ஆணியடித்து நிறுத்த அவர் ஒப்புவதில்லை. பலகையைத் துளைத்துக் காலை இறக்கி, தெப்பத்தின் அகலம் முழுவதும் ஓடும் அடிச்சட்டத்தோடு இரண்டு இடங்களில் போல்ட்டு முடுக்குகிறார். காலுக்குக் கால் குறுக்காகக் கயிறு இழுத்து முறுக்கேற்றுகிறார். கரையிலிருந்து இழுக்கும் வடத்தைக் கால்களில் கட்ட விடுவதே இல்லை, அதற்கும் அடிச்சட்டந்தான். உயரத்தில் கட்டிய வடம் தெப்பத்தை இழுப்பதோடு சாய்க்கவும் செய்யுமல்லவா? பக்கத் திரைகளுக்கு மட்டும் உருவு சுருக்கு. ஒரே இழுப்பில் அவிழ்த்துச் சுருட்டிவிடலாம்.

புகைவண்டிச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நமக்கு இது புதிதன்று. திறந்த வாகன்களில் தார்ப்பாயின் ஓரம் ஒரு முழம் தளர்ந்திருந்தால் போதும். காற்று உள்ளே புகுந்து பாயையே கிழித்தெறிந்துவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

சென்ற தையில் விழாக் குழுவினர் மேற்கட்டியை எட்டடி உயர்த்தி, அதன்மேல் மின்விளக்குக் கோபுரம் வைக்க விரும்பினர். அதற்கு நன்கொடை அனுப்பியவர்களில் ஹெப்பகோடி அன்பர்களும் உண்டு. தச்சர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார். தெப்பத்திலோ அர்ச்சகர், மேளக்காரர், சிறுவர் என நாற்பது பேர் ஏறுவர். நம் மகளும் அதில் ஒருத்தி. நாம் குழுவினரிடம் ஹுஸ்கூர்ச் செய்தியைச் சொன்னோம். ஹெப்பகோடிக்குச் சில கல் தொலைவிலுள்ள அவ்வூர் மத்தூரம்மன் திருவிழாவில், 2025 மார்ச்சில், நூறடிக்கும் மேற்பட்ட தேர் மழைக்காற்றில் சாய்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலும் அங்கே தேர் விழுந்ததுண்டு. அவை உறுதியான தரைமேல் நின்றவை!

வாக்குவாதம் நள்ளிரவு வரை நீண்டது. முடிவில் விளக்குக் கோபுரம் படித்துறையில் நிறுத்தப்பட்டது. நன்கொடையாளர் சிலருக்கு மனத்தாங்கல்தான். மறுநாள் இரவு, இரண்டாம் சுற்றில் வாடை சற்றே வலுத்தது. தச்சர் கைகாட்டினார்; நான்கு பக்கமும் திரைகள் சுருண்டன. நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தவே இல்லை.