மேடையில் ஒரு நா, வீட்டில் ஒரு நா

‘கர்ப்பத்தடை’ பற்றிக் ‘குடிஅரசு’ ஏட்டில் பெரியார் எழுதிய ஆண்டு 1930. நாட்டின் வறுமை தீர, தாயின் உடல்நலம் காக்க என்று பிறர் பேசினர். அவரோ, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்றார். அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதோ 1952இல்! இந்த வரலாற்றை எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன். எத்தனை கைதட்டல் வாங்கியிருப்பேன்!

இரண்டாம் குழந்தை பிறந்த மறுநாள், கருத்தடை அறுவைக்கான தாளை நீட்டினார்கள். கையெழுத்து என் துணைவியுடையது. முடிவு? என்னுடையது, என் தாயாருடையது.

வயிற்றைக் கீறும் அறுவை அது. ஆணுக்கோ சில நிமிட வேலை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, தையலுமின்றி முடித்துவிடுகிறார்கள். கத்தியில்லாத அம்முறையைச் சீனத்து மருத்துவர் ஒருவர் 1974இலேயே கண்டுவிட்டார். அறியாதவனல்லன் நான். ‘ஆண்மை போய்விடும்’ என்னும் மூடநம்பிக்கையை எள்ளி நகையாடி ஒரு மணி நேரம் பேசியவன்! வீட்டில் மட்டும் வாய் திறந்தேனில்லை.

புண் ஆறாமல் படுத்திருந்தவள் ஒரு மாலை கேட்டாள்: “நீங்கள் செய்துகொண்டிருக்கலாமே? ஏன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை?”

“பயம்” என்றேன். வேறென்ன சொல்ல?

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் தாமே அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3. நாடெங்கும் என்னைப் போன்ற வீரர்கள்தாம்!

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறேன், தோழர்களே. முன்வரிசையில் அமர்ந்து கேட்கப் போவதாகத் துணைவி சொல்லியிருக்கிறாள்.