ஒரே நிறத்தில் ஆறு சட்டைகள்

நோன்புப் பெருநாளுக்குத் துணியெடுக்கச் சென்றால், ஆட்டிசம் உள்ள என் மகன் ஒரே வெளிர்நீலப் பருத்திச் சட்டையில் ஆறு எடுப்பான். "இது இஸ்ராஃப் அல்லவா?" என்று கடிந்து, ஒருமுறை ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறு ஆண்டுக்குள் அந்த ஒன்றும் கிழிந்தது. அத்துணி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. புதுச்சட்டையின் உறுத்தல் தாளாமல், பெருநாள் தொழுகைக்கே அவன் வரவில்லை.

மாற்றத்தை விரும்பாத இவ்வியல்பை மருத்துவர் லியோ கானர் 1943-லேயே எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தேன். தொடுவுணர்வு மிகுந்தோர்க்குப் பழகிய துணியே நிம்மதி. பயன்படாமல் கிடந்தால்தானே விரயம்? அவனோ ஆறையும் நைந்துபோகும்வரை அணிகிறான்.

இப்போது நானே ஆறு வாங்கி வருகிறேன். அன்று பிள்ளையைக் கடிந்த என்னை அல்லாஹ் மன்னிப்பானாக!