ஒரு வயிறு, இரு பள்ளி

பெற்ற தாயின் மனமும் திரியும் என்று துணிந்து சொன்னவன் ஒரு பாண்டிய மன்னன். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்று 183ஆம் பாட்டு, கல்வியின் உயர்வைச் சொல்ல வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தாருள்ளும் கற்றவன்பால் தாயின் நெஞ்சம் சாயும் என்றொரு செய்தி அதனுள் வருகிறது. மேடையில் இப்பாட்டை எடுத்தாள்வோர், கல்விக்குக் கைதட்டல் பெற்றுக்கொண்டு இச்செய்தியை விரைந்து கடந்துவிடுவர். கல்லாத பிள்ளையின் நிலை யாது? அப்பிள்ளைக்குக் கல்வியை நிறுத்தியவரே பெற்றோராயின்?

சிங்கப்பூரில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1956இல் வெளியான அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்னும் நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. ஏட்டிலே நான்கும் உடன்பிறப்புகள். வேலை கொடுப்போரோ ஆங்கிலத்தையே தேடினர். ஆகவே சில தமிழ் வீடுகளில் மகனுக்கு ஆங்கிலப் பள்ளி, மகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று அமைந்தது. தமிழ்ப் பள்ளி தாழ்ந்ததன்று. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகள் எழுத்தறிந்தனர். ஒருத்திக்கு மட்டும் அதுவே போதும் என்று எண்ணியதுதான் குறை.

சிராங்கூன் சாலையை அடுத்து வாழ்ந்த அண்ணன் தங்கையின் கதையும் அத்தகையதே. அண்ணன் சப்பாத்து அணிந்து பேருந்தில் போவான். தங்கை நடந்து போவாள். தாய் வேலைக்குச் செல்ல நேர்ந்தபோது, ஆறாம் வகுப்போடு மகளின் படிப்பு நின்றது. அடுப்பு அவள் கைக்கு வந்தது. அவள் சமைத்த குழம்பிலும் பெரிய மீன் துண்டு அண்ணனுக்கே. "படிக்கிற பிள்ளை" என்பாள் தாய். அன்பில்லாதவள் அல்லள் அவள். வேலை முடிந்து வந்த களைப்பிலும் மகளின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். அந்த விரல்களின் இதத்தில் மகள் கேட்கவேண்டியதைக் கேளாமலே இருந்துவிட்டாள்.

அண்ணன் கிராணியானான், மணம் முடித்துத் தனி வீடு சென்றான். தாய் படுக்கையில் விழுந்தபோது உடன் இருந்தவள் மகள். மருத்துவமனையிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை அவள் பிரிப்பதில்லை. ஞாயிறுதோறும் அண்ணன் வந்து வாசித்துச் சொல்லும்வரை அவை மேசைமீது கிடக்கும்.

1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் ஆங்கிலமே பொதுப் பயிற்றுமொழியாயிற்று. மொழிவழியைத் தெரிவு செய்யும் சிக்கல் பெற்றோருக்கு ஒழிந்தது; முன்பே பிரிந்து நடந்த பிள்ளைகளுக்கு ஒழியவில்லை.

தாய் உயில் எழுதாமலே கண்மூடினாள். தந்தை முன்னரே மறைந்திருந்தார். 1967இல் இயற்றப்பட்ட சட்டப்படி, இத்தகைய நிலையில் மக்களுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமபங்கு. (முஸ்லிம்களுக்கு வேறு சட்டம்.) நல்ல சட்டந்தான், ஆயினும் இறந்த அன்று எஞ்சியிருப்பதை மட்டுமே அது நிறுக்கும். பேருந்துக் கட்டணமும் பள்ளிச் சம்பளமும் அத்தட்டில் ஏறுவதில்லை.

நான்கு வளையல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்தன. அண்ணன் தன் பங்கைத் தங்கையின் பக்கம் நகர்த்தினான்.

"என்னை அங்கே சேர்த்தபோது எனக்கு ஏழு வயது, தங்கச்சி."

"தெரியும் அண்ணே. உங்களையா கேட்டேன்?" என்றவள், தன் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மேசைமீது பிரிக்காமல் கிடந்த கடைசிக் கடிதத்தை அவனிடம் நீட்டினாள்.