நிற்கக் கற்ற சிறகு

நுழையும்முன்

பறத்தல் என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது வானம். ஆனால், வானூர்தியின் வாழ்நாளில் பெரும்பகுதி தரையில்தான் கழிகிறது. தம் கைகளாலேயே சிறு வானூர்தியைக் கட்டும் ஆர்வலர்கள், அதனைத் தரையில் அசையாது நிறுத்தும் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்கு எவ்வளவு உழைக்கிறார்கள், எவ்வளவு சிந்திக்கிறார்கள் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தரையில் நேர்ந்த முடிவு

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள். அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் கிட்டி ஹாக் என்னும் சிற்றூருக்கு அருகே ரைட் சகோதரர்களின் வானூர்தி நான்கு முறை பறந்தது. நான்காம் முறை வில்பர் ரைட் 59 நொடிகளில் 852 அடி தொலைவைக் கடந்தார். மனிதகுலத்தின் நெடுநாள் கனவு நனவான நாள் அது. ஆயினும், அந்த வானூர்தி மீண்டும் ஒருபோதும் பறக்கவில்லை. தரையில் நின்றிருந்த அதனை ஒரு பெருங்காற்று தூக்கிப் புரட்டியது. பிடித்து நிறுத்த முயன்ற ஜான் டேனியல்ஸ் என்பவரையும் சேர்த்து உருட்டியது. வானில் தாக்குப்பிடித்த மரச்சட்டங்கள் மணலில் முறிந்தன.

அந்த ஊர்திக்குச் சக்கரமும் இல்லை, பிரேக்கும் இல்லை. தண்டவாளத்தின்மீது வைக்கப்பட்ட அது, பொறி முழு வேகம் பெறும்வரை ஒரு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கம்பியை விடுவித்ததும் ஓடத் தொடங்கியது. பறக்கும் கலையின் முதல் நாளிலேயே நிற்கும் கலையும் கேட்கப்பட்டுவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கொட்டகையில் பிறக்கும் வானூர்திகள்

மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்களின் வழித்தோன்றல்கள் எனத்தக்கவர்கள் இன்றும் உள்ளனர். ஆசிரியர், மருத்துவர், தச்சர், ஓய்வுபெற்ற எழுத்தர் எனப் பலதிறத்தவரும் அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகைகளில் சிறு வானூர்திகளைக் கட்டுகின்றனர். இத்தகையோரை ஒன்றுதிரட்ட 1953இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் ஆண்டுவிழா 1970 முதல் அதே மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் நடைபெற்று வருகிறது. உறுப்புகளைப் பெட்டிகளில் அனுப்பும் நிறுவனங்களும் உள்ளன. எனினும், கட்டும் பணியில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை ஆர்வலரே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

இவ்வாறு கட்டுபவர் ஒருவர், இறக்கையையும் வாலையும் முடித்தபின் ஒரு சிறு கேள்வியின்முன் வந்து நிற்கிறார். பார்க்கிங் பிரேக் தேவையா, இல்லையா? மகிழுந்தில் இது கேள்வியே அன்று; கைபிரேக் இல்லாத மகிழுந்தை நாம் காண்பதில்லை. தாமே கட்டும் வானூர்தியிலோ இதனை அவரே தீர்மானிக்க வேண்டும்.

கால்களுக்குக் கிடைக்கும் ஓய்வு

சிறு வானூர்தியில் பிரேக் எவ்வாறு இயங்குகிறது எனக் காண்போம். வானோடியின் காலடியில் சுக்கானை இயக்கும் இரு மிதிகள் உள்ளன. அவற்றின் மேற்பகுதியைக் கால்விரல்களால் அழுத்தினால் அந்தந்தப் பக்கத்துச் சக்கரத்தின் பிரேக் பிடிக்கும். இடச்சக்கரத்திற்கு ஒன்று, வலச்சக்கரத்திற்கு ஒன்று எனத் தனித்தனிக் குழாய்கள். மிதியை அழுத்தும்போது சிறு உருளைக்குள் பிஸ்டன் நகர்ந்து எண்ணெயை அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி இங்கே உயிர்பெறுகிறது. அவ்வழுத்தம் சக்கரத்தருகே உள்ள பட்டைகளை வட்டத்தகட்டோடு இறுகச் செய்கிறது.

பொறியை இயக்கிவிட்டுத் தனியே அமர்ந்திருக்கும் வானோடியின் இரு கால்களும் அம்மிதிகளிலேயே கட்டுண்டு கிடக்கின்றன. அவர் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வானொலியில் பேச வேண்டும். கிடைத்த குறிப்பை எழுத வேண்டும். கவனம் கைக்கு நகரும்போது காலின் அழுத்தம் தளர்கிறது. ஊர்தி மெல்ல நகரத் தொடங்குகிறது. முன்னே சுழலும் விசிறியோ கண்ணுக்குப் புலப்படாத வாள். இந்த ஒரு நொடித் தளர்ச்சிக்கு விடையாகவே பார்க்கிங் பிரேக் அமைகிறது.

கருவி எளியது. மிதிக்கும் சக்கரத்திற்கும் இடையே, இரு குழாய்களும் கடந்துசெல்லுமாறு ஒரு வால்வு பொருத்தப்படும். மிதிகளை அழுத்தி, பலகையிலுள்ள குமிழை இழுத்தால் வால்வு அடைபடும். சென்ற எண்ணெய் திரும்ப வழியின்றி நிற்கும். காலை எடுத்த பின்னும் பிடி விலகாது.

சிறு வேலையின் பெருங்கவனம்

கருவி எளியதாயினும் பொருத்தும் பணி எளியதன்று. கால் அங்குல அலுமினியக் குழாயை அறுத்து, பிசிறு நீக்கி, அதன் வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். வானூர்தி இணைப்புகளில் அவ்விரிவு 37 பாகை. மகிழுந்துகளில் வழங்குவது 45 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால், மகிழுந்துக் கருவியால் விரித்த குழாய் இவ்விணைப்பில் சரியாகப் பொருந்தாமல் எண்ணெயைக் கசியவிடும். வாயை விரிக்கும் முன்பே திருகுமரையைக் குழாயில் கோத்துவிட வேண்டும். மறந்தால், விரித்த வாயின் வழியே அது நுழையாது. வெட்டி எறிந்து புதுக்குழாயில் தொடங்க வேண்டியதுதான்.

எண்ணெயிலும் இத்தகைய நுட்பம் உண்டு. இவ்வூர்திகளில் வழங்குவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். மகிழுந்துக்குரிய பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். எண்ணெயை நிரப்பும் முறையும் சிந்திக்கத்தக்கது. காற்றுக்குமிழி இயல்பாகவே மேலே செல்லும். ஆகவே, சக்கரத்தின் பக்கமிருந்து எண்ணெயைக் கீழிருந்து மேலாகச் செலுத்துவர். குமிழிகள் தாமே மேலேறிக் கலத்தின்வழி வெளியேறும். இயற்கையின் போக்கை எதிர்க்காமல், அதனையே துணையாகக் கொள்ளும் தொழிலறிவு இது. ஒரு குமிழி எஞ்சினாலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும், பிடி தளரும்.

குமிழிலிருந்து வால்வுக்குச் செல்லும் கம்பி சில ஊர்திகளில் பொறிக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துச் செல்லும். அத்துளையை வெறும் ரப்பரால் அடைத்தால், தீப்பற்றும் வேளையில் அதுவே நெருப்பின் வாயிலாகிவிடும். எனவே, எஃகு வளையமும் தீத்தாங்கும் பூச்சும் இட்டு அடைக்கின்றனர். நிறுத்தும் கருவிக்காகப் போட்ட துளை, காக்கும் சுவரின் வலிமையைக் குறைத்துவிடலாகாது அன்றோ?

சேர்ப்பதா, விடுவதா?

கட்டுவோர் பலர் பார்க்கிங் பிரேக்கை வேண்டாம் என விட்டுவிடுகின்றனர். அவர்கள் வாதத்திலும் வலு உண்டு. ஒரு வால்வைச் சேர்த்தால், இரு பிரேக் குழாய்களிலும் புதிய இணைப்புகள் தோன்றுகின்றன. ஒவ்வோர் இணைப்பும் கசிவுக்கு ஓர் இடம். எடையும் கூடுகிறது. இவற்றினும் பெரிது மறதி. பிரேக் பிடித்திருப்பதை மறந்து தரையிறங்கினால் சக்கரங்கள் உருளாது. டயர் தேய்ந்து வெடிக்கலாம். ஊர்தி திசைமாறிச் சுழலலாம். மூக்குக் குப்புறக் கவிழவும் கூடும். காக்க வந்ததே கவிழ்க்கும் கருவியாகும்.

பர்ட் ரூட்டன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்து 1975இல் முதன்முதலாகப் பறந்த வேரிஈஸி இக்கேள்வியை வேறொரு வகையில் அணுகியது. அதன் பொறி பின்புறம் உள்ளது. முன்சக்கரத்தை மடக்கிவிட்டால், மண்டியிட்ட ஒட்டகம்போல் மூக்கைத் தரையில் ஊன்றி அது நிற்கும். ஊன்றிய மூக்கே அதனை உருளவிடாது தடுக்கும். புதிய உறுப்பைச் சேர்க்காமல், உள்ள உறுப்பிலேயே விடை கண்ட சிந்தனை அது.

சேர்ப்பது என முடிவுசெய்தவரும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். 'இக்கருவி பழுதானால் எந்த நிலையில் பழுதாகும்?' கம்பி அறுந்தாலும் வால்வு திறந்த நிலைக்கே திரும்புமாறு ஒரு சுருள்வில்லைப் பொருத்துவது அறிவுடைமை. அப்போது நிறுத்தும் வசதி போகலாம். தரையிறங்கும்போது சக்கரம் சுழலும் உரிமை போகாது. மறதிக்கு மருந்தாக, தரையிறங்கும் முன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் 'பிரேக் விடுவிக்கப்பட்டதா?' என ஒரு வரியைச் சேர்க்கின்றனர். உலோகத்தால் தீராத குறையை ஒழுக்கம் தீர்க்கிறது.

பார்க்கிங் பிரேக் நெடுநேரக் காவலனும் அன்று. வெயிலில் எண்ணெய் விரிந்து அழுத்தம் மிகும். இரவுக் குளிரில் சுருங்கி அழுத்தம் குறையும். ஆகவே, நெடுநேரம் நிற்கும் ஊர்தியின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் தரையோடு கட்டுகின்றனர். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் தடங்கல் என்னும் பொருளிலேயே மிகுதியும் வழங்குகிறோம். ஓடும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் கட்டையிடுவோர், அதனைக் காவல் என்றே அறிவர்.

ஒப்பமிடும் கை

கட்டி முடித்த வானூர்தியை அரசின் சார்பில் ஒருவர் ஆய்வுசெய்கிறார். அதன்பின் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் வரையறுத்த வான்பகுதியில் அது சோதனைப் பறப்பில் ஈடுபட வேண்டும். 'சோதனை ஊர்தி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, ஏறும் வழியருகே குறைந்தது 2 அங்குல உயர எழுத்துகளில் எழுத வேண்டும். தர ஊர்திகளுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதன்று என்னும் அறிவிப்பையும் பயணி காணுமாறு வைக்க வேண்டும். அதனைப் படித்த பின்னும் மகளோ நண்பரோ பக்கத்து இருக்கையில் வந்து அமர்கிறார் என்றால், அவர் நம்புவது விதியை அன்று, கட்டியவரின் கையை.

அந்நம்பிக்கைக்குத் தகுதி பெறும் வழி ஒன்றே. யாரும் காணாத மூலையிலுள்ள திருகுமரையையும் எல்லாரும் காணும் இறக்கையைப்போலவே கருதுவது. முறுக்கிய ஒவ்வொரு மரையின்மீதும் வண்ணக்கோடு இடுகின்றனர். பிற்காலத்தில் அது நெகிழ்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். செய்த வேலையை நாளிட்டுப் பதிவேட்டில் எழுதுகின்றனர்.

பணி முடிந்ததும் தேர்வு. மிதிகளை அழுத்திக் குமிழை இழுக்கிறார் கட்டியவர். கால்களை மெல்ல எடுக்கிறார். பொறியின் வேகம் கூடுகிறது. ஊர்தி முழுதும் அதிர்கிறது, சக்கரம் நகரவில்லை. இருப்பினும் அவர் கால்கள் மிதிகளின் அருகிலேயே இருக்கின்றன. அவர் கண்கள் கருவிப்பலகைக்கும் வெளியே தொலைவில் நிற்கும் ஒரு கம்பத்திற்கும் மாறிமாறிச் செல்கின்றன. கம்பம் இடம்பெயர்வதுபோல் தோன்றினால் நகர்வது கம்பம் அன்று என்பதை அவர் அறிவார்.