பல்லு போனா சொல்லு போச்சு

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்தவன் பொருட்காட்சியில ராட்டினம் சுத்தாம பல் டாக்டர் நாற்காலியில மல்லாந்து கிடந்த கதை இது. கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க.

மூணு மாசம் முன்னாடி சென்னையில ஒரு ராத்திரி வலி ஆரம்பிச்சது. வலது கீழ்க் கடைவாய்ப்பல். ஐஸ் தண்ணி பட்டா உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறும். மெடிக்கல் ஷாப்புல நானே மாத்திரை வாங்கிப் போட்டேன். நாலஞ்சு நாள்ல வலி சுத்தமா போச்சு. சூடு, குளிர் எதுவுமே தெரியலை. ஆஹா, தானா சரியாயிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். கம்பெனியில ஒரு பிழை தானா மறைஞ்சா சந்தேகப்படுற ஆளு, சொந்த வாயில கோட்டை விட்டுட்டேன்.

ஊருக்கு வந்த ரெண்டாம் நாள், எண்ணெய் புரோட்டாவை ஒரு கடி கடிச்சதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காலையில கண்ணாடியில பாத்தா பாதி முகம் பன் மாதிரி.

டாக்டரம்மா எக்ஸ்ரேவைக் காட்டி விளக்கினாங்க. சொத்தை உள்ள இருக்கிற நரம்பு வரைக்கும் போயிருச்சு. வலி நின்னது குணமானதால இல்ல, நரம்பு செத்துப் போனதால. மானிட்டரிங் சர்வரே செத்துட்டா அலாரம் எப்படி அடிக்கும்? கிருமி மட்டும் வேர் நுனி வழியா எலும்புக்குப் போய் சீழ் கட்டியிருக்கு. செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டம் கிடையாது, அதனால மாத்திரை எவ்வளவு முழுங்கினாலும் மருந்து அங்க போய்ச் சேராதாம்.

"புடுங்கிரலாமா, காப்பாத்தலாமா தம்பி? புடுங்கினா இன்னிக்கே முடிஞ்சிரும். ரூட் கெனால்னா ரெண்டு மூணு தடவை வரணும்."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கூட வந்த அம்மா சொல்லிட்டாங்க: "புடுங்க வேண்டாம் டாக்டர். எத்தனை தடவைன்னாலும் வருவான்."

அம்மா எதுலயும் சிக்கனம். அவங்களா இப்படின்னு ஆச்சரியமா இருந்தது.

மரத்துப்போற ஊசி போட்டு, பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் மாட்டி, மேல துளை போட்டாங்க. என் பல்லுல மூணு கால்வாய். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஊசி மாதிரி ஃபைல் விட்டுச் சுரண்டணும். 15-ம் நம்பர் ஃபைல்னா நுனி 0.15 மில்லிமீட்டர். 1838-ல அமெரிக்காவுல எட்வர்ட் மேனார்டுன்னு ஒருத்தர் கடிகார ஸ்பிரிங்கைத் தேய்ச்சு முதல் ஃபைலைச் செஞ்சாராம். இப்ப ஃபைல் வேர் நுனியைத் தொட்டதும் பீப் அடிக்க ஒரு மெஷின் இருக்கு. அப்புறம் ஹைப்போகுளோரைட்ல கழுவுறது. அதாவது துணி வெளுக்குற பிளீச் இருக்குல்ல, அதே சரக்கு :-)

மருந்து வெச்சு, தற்காலிகமா அடைச்சு, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. அடுத்த வாரம் கட்டா பெர்ச்சாங்கற பொருளால கால்வாயை நிரப்பினாங்க. மலாயா பக்கத்து மரத்துப் பால் அது. 1850-கள்ல கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேல உறை போட்டதும் இதை வெச்சுத்தான். நெட்வொர்க்ல சம்பாதிக்கிறவன் பல்லுக்குள்ள, அந்த நெட்வொர்க்கோட முப்பாட்டன்!

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இதையெல்லாம் அளந்துக்கிட்டு இருந்தேன். அம்மா சாத்தூர் சேவை டீயில முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. சின்ன வயசுலருந்து பாக்குறேன், அது அம்மாவோட ருசின்னே நினைச்சிருந்தேன். அன்னிக்குத்தான் கேட்டேன், "ஏம்மா நனைச்சே சாப்பிடுற?"

"கடிக்கப் பல்லு வேணும்லடா" என்றார். வலது பக்கம் மேலயும் கீழயுமா நாலு பல் கிடையாது. நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினாங்க. எண்ணிக்கைக்குத்தான் கூலி, லீவு போட்டா அன்னிக்குக் காசு இல்ல. பல்லைக் காப்பாத்த மூணு நாள் லீவு, புடுங்க ஒரு நாள். நாலு தடவையும் ஒரே நாள்ல வேலையை முடிச்சிட்டாங்க.

எனக்கு என்னமோ தீக்குச்சியும் பல்லும் சேர்ந்த பழைய சங்கதி ஒண்ணு ஞாபகம் வந்தது. வெள்ளை பாஸ்பரஸ்ல தீக்குச்சி செஞ்ச காலத்துல, அதோட ஆவி பட்டுத் தொழிலாளிகளுக்கு முதல்ல பல்வலி வரும், அப்புறம் தாடை எலும்பே அழுகும். 1888-ல லண்டன்ல தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சப்போ இந்த நோயும் பெரிய பேச்சாச்சு. இந்தியாவுல 1913-ல அதுக்குத் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டது 1922-ல. அந்த நஞ்சுலருந்து நம்ம ஊர் ஆட்கள் தப்பிச்சுட்டாங்க. அம்மா பல்லைத் தின்னது நஞ்சு இல்ல, லீவு.

அந்த லீவெல்லாம் சேர்ந்துதான் என் காலேஜ் ஃபீஸ். இதை அம்மா சொல்லலை, நானாக் கணக்குப் போட்டது. சேவு எனக்குத் தொண்டையில இறங்கலை.

"இடது பக்கம் நல்லாத்தானே இருக்கு?"னு கேட்டேன். பதில் இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்தா கீழ்க் கடைவாய்ல ஒரு பல் கறுத்திருக்கு.

"அது முன்ன வலிச்சது. இப்ப வலி நின்னுருச்சுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஆபீஸுக்கு மெயில் போட்டு லீவை நீட்டிச்சாச்சு. புதன்கிழமை எனக்குக் கேப் மாட்டுறாங்க, அதே நாற்காலியில அடுத்து அம்மா. "வயசான காலத்துல எனக்கெதுக்குடா"ன்னு ரெண்டு நாளா முனகல். நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்: புடுங்க வேண்டாம், எத்தனை தடவைன்னாலும் வருவாங்க.

வலி தானா நின்னுருச்சுன்னு உங்க வீட்டுல யாராவது சொன்னா, தயவுசெஞ்சு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துருங்க.