செய்கற்பாறை

19ஆம் நூற்றாண்டிலே, இங்கிலாந்தின் புல்காம் குடும்பத்தினர் உடைந்த செங்கற்களையும் சூளைக் கசடுகளையும் குவித்து, மேலே சீமெந்து பூசிப் பாறைகள் அமைத்தனர். இலண்டன் பட்டர்சீ பூங்காவில் அவற்றை இன்றும் காணலாம்.

மலிவான அவ்வித்தை வன்னிக்கும் பொருந்துவதே. இடிபாட்டுக் கற்களைக் குவித்துக் கம்பிவலையாற் போர்த்தி, ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்தைப் பூசி, ஈரச்சாக்கினால் 7 நாள் மூடிவைத்தாற் போதும். தோட்டத்து அழகுக்கென ஒரு குன்றை உடைக்கவேண்டியதில்லை.

ஆயினும், 2009இல் முடிந்த போர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விட்டுச்சென்ற இடிபாடுகள் வெறுங் கற்களல்ல. அவை மனைகளின் சுவர்கள். பூச்சு அவற்றைக் காக்குமா, மறைக்குமா என்பதே வினா. ஒரு பக்கத்தையேனும் பூசாது விடுதல் நன்று. பூஞ்செடிகளிடையே அச்சுவர்க்கல் தெரியட்டும். காண்போர் வினவுவர், வீட்டார் விடை பகர்வர்.